நொதியை நிறுத்தும் வழிகள்

(மும்பையை அடுத்த வாஷியில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் பெரும்பாலோர் நேற்று இரவோ இன்று காலையோ ஏதோ ஒரு நொதியை நிறுத்திவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பீர்கள். இரவில் அடார்வாஸ்டாடின் போடுகிறவர் கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதியை நிறுத்துகிறார். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் போடுகிறவர் ரத்தக் குழாய்களைச் சுருங்கவைக்கும் ஒரு பொருளை உண்டாக்கும் நொதியை நிறுத்துகிறார். சர்க்கரைக்கு சிட்டாகிளிப்டின், இதயத்துக்கு ஆஸ்பிரின், வயிற்றுக்கு பான்டோபிரசோல் என்று எதை எடுத்தாலும் அங்கே ஒரு நொதியின் வேலை நிற்கிறது.

ஒரு மருந்து நொதியைத் தடுக்கிறது என்று சொன்னால் விஷயம் பாதிதான் முடிந்தது. எப்படித் தடுக்கிறது என்பது மறுபாதி. ஒரு மாத்திரையைத் தினம் போட வேண்டும், இன்னொன்றை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும், ஒன்றைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும், இன்னொன்றை அறுவைக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தருகிறார். காரணம் சொல்ல அவருக்கு நேரம் இருப்பதில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். அந்தக் காரணங்களைத்தான் இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன். காரணம் புரிந்தவர் மாத்திரையில் தவறுவது குறைவு என்பது என் உறுதியான நம்பிக்கை.

நொதி ஒரு புரதம். உடலில் தானாக நடந்தால் ஆண்டுக்கணக்கில் ஆகக்கூடிய வேதிவினையை அது கண்சிமிட்டும் நேரத்தில் முடித்துக் கொடுக்கும். அதன் உடம்பில் ஓரிடத்தில் சிறு குழிவு இருக்கும். அதற்குக் கிளர்வு மையம் என்று பெயர். அதில் வந்து பொருந்தி, மாற்றம் அடைந்து, வெளியேறும் பொருளைத் தளப்பொருள் என்று பாடநூல்கள் சொல்கின்றன. இந்த இரண்டு பெயர்களும் போதும்.

முதல் வகை, போட்டித் தடுப்பு. காலை எட்டரை மணிக்கு வாஷி நிலையத்தில் ஹார்பர் வண்டி ஏறுகிறவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். இருக்கை ஒன்று, ஆள் இரண்டு. முதலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கும் வரை மற்றவருக்கு இடமில்லை. ஒரு தரப்பினர் பெருங்கூட்டமாக வந்தால் இருக்கைகளில் பெரும்பாலானவை அவர்கள் வசமாகும். தளப்பொருளைப் போலவே தோற்றம் கொண்ட மருந்து கிளர்வு மையத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தளப்பொருளின் அளவைக் கூட்டினால் மருந்து தோற்கும். மருந்தின் அளவைக் கூட்டினால் தளப்பொருள் தோற்கும்.

இந்த வகைக்கு உலகத்துக்கே எடுத்துக்காட்டாக நிற்கும் மருந்தின் கதை பம்பாயில் தொடங்குகிறது. நம்மில் பலருக்கு அது தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். இங்கே ஜவுளித் தொழிலில் இருந்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்து இருந்தன. பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்தில் வில்ஸ் ஆராய்ச்சி செய்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிகள் சொன்ன திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் அவருடைய வேலை தொடர்ந்தது. கிருமி காரணம் அல்ல, சாப்பாட்டில் ஏதோ குறைகிறது என்று அவர் கண்டார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தபோது பெண்கள் பிழைத்தார்கள். 1931இல் இதை வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த பெயர் தெரியாத பொருளை வில்ஸ் காரணி என்று அழைத்தார்கள். பின்னாளில் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. இன்று கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்போடு சேர்த்துத் தருகிற அதே ஃபோலிக் அமிலம்தான்.

உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும். அதற்கான மூலப்பொருள்களில் சிலவற்றைத் தயாரிக்க ஃபோலேட் தேவை. ஒருமுறை உழைத்துக் களைத்த ஃபோலேட்டை மறுபடி வேலைக்குத் தகுதியாக்கித் தருவது டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதி. எலும்பு மஜ்ஜை, உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் இடம். ஃபோலேட் இல்லாவிட்டால் முதலில் அடி வாங்குவது அதுதான். பம்பாய்ப் பெண்களுக்கு நடந்தது இதுவே.

அடுத்து வருகிறவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியது அவருடைய ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. தேர்வு எழுதி முடித்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். இரண்டு சகோதரர்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். அவர்களைக் கொண்டுபோனது ஸ்ப்ரூ என்ற குடல் நோய் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1923இல் பாஸ்டன் போனார். பின்னர் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் லெடர்லி நிறுவனத்தின் ஆராய்ச்சியை வழிநடத்தினார். அவருடைய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தானது. தம்பிகளுக்கும் அண்ணன்களுக்கும் காலம் கடந்து வந்த மருந்துகள் நம் வீடுகளிலும் உண்டு. 

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணிவதற்குப் பதில் வேகம் எடுத்தது. அந்த ஏமாற்றத்திலிருந்து அவர் சரியான கேள்விக்கு வந்தார். ஃபோலேட் நோயை வளர்க்கிறது என்றால், ஃபோலேட்டைப் போலத் தோற்றமளித்து அதன் வேலையைச் செய்யாத ஒரு பொருள் நோயை நிறுத்துமா? சுப்பாராவின் குழு அப்படிப்பட்ட பொருள்களைத் தயாரித்து அனுப்பியது. அவற்றுள் அமினோப்டெரின் என்ற ஒன்று, ஃபோலிக் அமிலத்தில் ஓரிடத்தில் ஆக்சிஜனுக்குப் பதில் ஓர் அமினோ தொகுதியை வைத்தது. வேறு மாற்றமே இல்லை. 1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் சில காலம் பின்வாங்கியது. அதற்கு முன் அந்த நோய்க்கு மருத்துவரிடம் பலன் தரும் மருந்து எதுவுமே இருந்ததில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார், வயது 53.

அமினோப்டெரினின் அடுத்த பிள்ளைதான் மெத்தோட்ரெக்ஸேட். 1956இல் அமெரிக்காவில் மின் சியு லீயும் ராய் ஹெர்ட்ஸும் இதைக் கொண்டு நஞ்சுக்கொடியில் உண்டாகும் ஒருவகைப் புற்றைக் குணப்படுத்தினார்கள். கட்டியாக வளரும் புற்று மருந்தால் மட்டுமே குணமானது அதுவே முதல்முறை.

மெத்தோட்ரெக்ஸேட் போட்டித் தடுப்பானாக இருந்தாலும் சாதாரணப் போட்டியாளர் அல்ல. உண்மையான தளப்பொருளைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இறுக்கமாக அந்தக் குழிவைப் பிடித்துக்கொள்கிறது. உயிரணுவுக்குள் நுழைந்ததும் அதன் வாலில் குளூட்டமேட் துண்டுகள் ஒட்டப்படுகின்றன. அதன்பின் அது எளிதில் வெளியேறாது. ரத்தத்தில் மருந்து மறைந்த பிறகும் உயிரணுவுக்குள் பல நாள் இருக்கும். இதனால்தான் முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் இதை வாரத்தில் ஒரே நாள் எழுதுகிறார்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல அனுமதி கொடுங்கள். கை விரல் மூட்டுகள் வீங்கி மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிற தாய்மார்கள் இந்த நகரத்தில் நிறைய இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் என்பது தினம் ஒன்று என்று மாறிப்போனால் சில நாளில் வாயெல்லாம் புண்ணாகும், வெள்ளணுக்கள் சரியும், உயிருக்கே ஆபத்தாகும். மருந்துப் பெட்டியில் கிழமையை எழுதி ஒட்டுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தக் கிழமை தெரிந்திருக்கட்டும்.

மருத்துவர் இதோடு ஃபோலிக் அமிலமும் எழுதுவார். ஃபோலேட்டைத் தடுக்கும் மருந்தையும் கொடுத்து ஃபோலேட்டையும் கொடுப்பானேன் என்று பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். மூட்டுவலிக்குக் கொடுக்கும் சிறிய அளவில் இந்த மருந்து வேறொரு நொதியையும் தடுத்து, அழற்சியைத் தணிக்கும் அடினோசின் என்ற பொருளைச் சேரவைக்கிறது. மூட்டுக்குக் கிடைக்கும் நன்மையில் பெரும் பங்கு அதனால் வருகிறது என்று கருதுகிறார்கள். ஃபோலிக் அமிலம் வாய்ப்புண்ணையும் குமட்டலையும் குறைக்கிறது, மூட்டின் நன்மையை அழிப்பதில்லை. ஆகவே அதை வீணென்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் இந்த வேதியியலிலிருந்தே வருகிறது. சிறுநீர்த் தொற்றுக்கு செப்ட்ரான் என்று ஒரு மாத்திரை தருவார்கள். அதில் இரண்டு மருந்துகள். ஒன்று சல்ஃபா, பாக்டீரியா தன் ஃபோலேட்டைத் தானே தயாரிக்கும் பாதையில் ஒரு நொதியைத் தடுக்கிறது. நாம் ஃபோலேட்டைத் தயாரிப்பதில்லை, கீரையிலும் பயறிலும் உண்கிறோம்; அந்த நொதி நம்மிடம் கிடையாது. இன்னொன்று டிரைமெத்தோப்ரிம், மெத்தோட்ரெக்ஸேட் தடுக்கும் அதே நொதியை, பாக்டீரியாவின் வடிவில் தடுக்கிறது. மனித நொதியில் அது பல ஆயிரம் மடங்கு பலவீனமாகத்தான் ஒட்டும். தனியாக எடுத்தால் நமக்குப் பெரிதாகத் தெரியாது. மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர் செப்ட்ரானும் எடுத்தால், ஒரே நொதி இரண்டு மருந்துகளாலும் அடைபட்டு மஜ்ஜை நின்றுபோகலாம். புதிய மருத்துவரிடம் போகும்போது பழைய சீட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

பரேலுக்குத் திரும்புகிறேன். ஹாஃப்கின் நிறுவனத்திலிருந்து நடக்கும் தூரத்தில் டாடா நினைவு மருத்துவமனை இருக்கிறது, 1941இல் திறந்தது. அங்கே வரும் வாய்ப்புற்று நோயாளிகளில் பலர் முற்றிய நிலையில் வருகிறார்கள். குட்காவும் மாவாவும் செய்த வேலை. அறுவைக்கு வழியில்லாத நிலையில் அவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாடின் ஊசி போடுவது வழக்கம். அங்குள்ள மருத்துவர்கள் 422 நோயாளிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பாதிக்கு சிஸ்பிளாடின். மறுபாதிக்கு வாரம் ஒருமுறை வாய்வழி மெத்தோட்ரெக்ஸேட், தினம் இருவேளை செலிகாக்சிப். இரண்டுமே நொதித் தடுப்பான்கள், இரண்டுமே வீட்டில் போட்டுக்கொள்ளக்கூடிய மலிவான மாத்திரைகள். 2020இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் முடிவு வந்தது. சிஸ்பிளாடின் தரப்பில் இடைநிலை ஆயுள் 6.1 மாதம், மாத்திரைத் தரப்பில் 7.5 மாதம். பக்கவிளைவும் குறைவு. ஏறக்குறைய ஒன்றரை மாதம் சிறிது என்று தோன்றலாம். ஊசிக்காகக் கட்டிலில் படுக்காமல், உத்தரப் பிரதேசத்துக்கோ திருநெல்வேலிக்கோ போய் வீட்டு மனிதர்களோடு இருந்த ஒன்றரை மாதம் அது. பம்பாய் ஆலைப் பெண்களின் ரத்தசோகையில் தொடங்கிய அறிவு, தொண்ணூறு ஆண்டுகள் உலகைச் சுற்றிவிட்டு அதே பரேலில் ஏழை நோயாளியின் கைக்கு வந்திருக்கிறது என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இரண்டாவது வகை, போட்டியற்ற தடுப்பு. மருந்து கிளர்வு மையத்தின் பக்கமே போகாது. நொதியின் வேறொரு இடத்தில் ஒட்டி, அதன் வடிவத்தையே திரித்துவிடும். தளப்பொருளை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை.

இதற்கும் சென்னையிலும் மும்பையிலும் கதை இருக்கிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தார்கள். சுனிதி சென்னையில் வாழ்ந்த மராட்டியக் குடும்பத்தில், கைதொண்டே வீட்டில் பிறந்தவர். மராட்டிய மண்ணில் வாழும் தமிழர்களாகிய நாம் அவரை நம் வீட்டுப் பெண்ணாக நினைத்துப் பெருமைப்படலாம். அப்போது அந்த நோய்க்கு மருந்து இல்லை. மருந்துகள் வந்தபோது ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் ஆனது. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகள் அடங்கிய சிகிச்சையை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. உலகம் அதிர்ந்தது.

அந்த மூன்றில் ஸ்டாவுடின், லாமிவுடின் இரண்டும் வைரஸ் தன் மரபுச் சங்கிலியைக் கோர்க்கும் கண்ணிகளைப் போலத் தோற்றமளித்து, அதைக் கோர்க்கும் நொதியின் கிளர்வு மையத்துக்குள் போய்ச் சங்கிலியை அங்கேயே முடித்துவிடுபவை. மூன்றாவது நெவிராபின். அது கிளர்வு மையத்திலிருந்து சுமார் ஒரு நானோமீட்டர் தள்ளி வேறொரு பொந்தில் ஒட்டுகிறது. ஒட்டியதும் நொதியின் கட்டைவிரல் போன்ற பகுதி அசைய முடியாமல் நின்றுவிடுகிறது. ஒரே நொதியை இரு விதமாகத் தாக்கினால் வைரஸ் தப்புவது கடினம்.

இந்த வகையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். கிளர்வு மையம் வைரஸுக்கு உயிர்நாடி. அதில் கண்டபடி மாற்றம் செய்ய அதனால் முடியாது. நெவிராபின் ஒட்டும் பொந்து அப்படி முக்கியமான இடம் அல்ல. 103ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்து பயனற்றதாகிவிடும். மூன்றையும் ஒன்றாக நிறுத்தினால் மற்ற இரண்டும் சீக்கிரம் உடலை விட்டுப் போய்விடும். நெவிராபின் மட்டும் பல நாள் தனியே தங்கும். அந்த நாள்களில்தான் வைரஸ் பாடம் கற்றுக்கொள்கிறது. 2004இல் அரசு இலவச சிகிச்சை தொடங்கியபோது தாம்பரத்திலும் இங்கே ஜே.ஜே. மருத்துவமனையிலும் ஆலோசகர்கள் ஒரு வேளைகூட விடாதீர்கள் என்று மன்றாடியதற்கு இதுவே காரணம். இன்று முதல் சிகிச்சை டோலுடெக்ராவிரைச் சுற்றி அமைகிறது; அது வைரஸின் வேறொரு நொதியைத் தடுப்பது.

நொதியில் தளப்பொருள் வந்து அமர்ந்த பிறகே ஒட்டும் தடுப்பான்களும் உண்டு. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் எடுக்கும் மைக்கோஃபீனோலேட் அந்த வகை. தளப்பொருள் பெருகினால் போட்டித் தடுப்பான் தோற்கும். இதுவோ இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இதை இங்கேயே விட்டுவிட்டு, மீள முடியாத தடுப்புக்குப் போகிறேன். அதற்குத்தான் நேரம் வேண்டும்.

மீள முடியாத தடுப்பான் நொதியோடு உறுதியான வேதிப்பிணைப்பே போட்டுவிடும். அதன்பின் அந்த நொதி செத்ததற்குச் சமம். உடல் புதிய நொதியைத் தயாரித்தால்தான் விடிவு. ஆஸ்பிரின் அப்படிப்பட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971இல் கண்டார். 1982இல் நோபல் பரிசு பெற்றார். சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியின் உள்ளே உள்ள ஒரு செரின் மீது ஆஸ்பிரின் தன் அசெட்டைல் துண்டை ஒட்டிவிட்டுப் போய்விடும். மற்ற உயிரணுக்கள் சில மணி நேரத்தில் புது நொதி தயாரித்துக்கொள்ளும். ரத்தத் தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. அதனால் புது நொதி தயாரிக்க முடியாது. தன் ஏழெட்டு நாள், பத்து நாள் வாழ்வு முழுதும் அது முடங்கியே கிடக்கும். ஆகவே 75 மில்லிகிராம் சின்ன மாத்திரை தினம் ஒன்று போதுமாகிறது. ஆஸ்பிரின் ரத்தத்தில் சிறிது நேரமே இருந்தாலும் அதன் விளைவு பல நாள் நிற்பதற்கும், அறுவைக்கு முன் நிறுத்தச் சொன்னால் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வதற்கும் காரணம் ஒன்றே. இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்துவது மட்டும் கூடாது.

ஐபுபுரூஃபன் அதே நொதியின் அதே குழிவில் போய் உட்கார்கிறது. அது மீளும் தடுப்பான். சில மணி நேரத்தில் எழுந்துவிடும். முழங்கால் வலிக்கு அதை முதலில் விழுங்கிவிட்டுப் பிறகு ஆஸ்பிரின் போட்டால், ஆஸ்பிரினுக்குச் செரினை எட்ட வழியில்லை. ஐபுபுரூஃபன் விலகும் நேரத்தில் ஆஸ்பிரின் உடலில் இல்லை. அன்றைக்கு இதயத்துக்குக் காவல் இல்லாமல் போகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் இதைப்பற்றி எச்சரித்தது. சாதாரண ஆஸ்பிரின் எடுத்து அரை மணிக்குப் பிறகு ஐபுபுரூஃபன் எடுக்கலாம், அல்லது ஆஸ்பிரினுக்கு எட்டு மணி நேரம் முன்பே எடுத்திருக்க வேண்டும். காம்பிஃப்ளாம் என்ற வலி மாத்திரையிலும் ஐபுபுரூஃபன் இருக்கிறது.

பான்டோபிரசோலும் இந்தக் கூட்டம்தான். வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்பு வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் அதனால் பிணைய முடியும். பம்புகள் சாப்பிடும்போது விழிக்கின்றன. அதற்கு அரை மணி, ஒரு மணி முன் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டபின் போடுகிற பான்டோபிரசோலில் பாதி வீண்.

கடைசியாக, இதே வேதியியல் உயிரைக் குடிக்கும் இடம். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் ஆஸ்பிரினைப் போலவே ஒரு செரினைத்தான் தாக்குகின்றன. தாக்கப்படும் நொதி வேறு: அசெட்டைல்கோலினெஸ்டரேஸ். நரம்பு தசைக்குக் கட்டளை கொடுத்த பிறகு அந்தக் கட்டளையைத் துடைத்தழிப்பது அதன் வேலை. துடைக்க ஆளில்லாமல் போனால் கண்மணி சுருங்கும், எச்சில் பெருகும், நுரையீரலில் நீர் கோக்கும், மூச்சுத் தசைகள் ஓயும். 2013 ஜூலையில் பீகாரின் சாரன் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தது மோனோகுரோட்டோபாஸ் கலந்த எண்ணெயால். 2017இல் நம் மாநிலத்தில் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த கூலித் தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்தார்கள். இலங்கை இப்படிப்பட்ட கொடிய வகைகளை 1990களில் படிப்படியாகத் தடை செய்தது. அதன்பின் அங்கே தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. மற்ற நாடுகளும் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இந்தப் பிணைப்பு முதலில் சற்று நெகிழ்வாக இருக்கும். பிராலிடாக்சைம் என்ற மருந்தால் அதை அறுத்து நொதியை மீட்கலாம். நேரம் போகப் போகப் பிணைந்த துண்டிலிருந்து ஒரு பகுதி உதிர்ந்து பிணைப்பு இறுகிவிடும். பிறகு எந்த மருந்தாலும் பிரிக்க முடியாது. டைமெத்தில் வகை நஞ்சில் பாதி நொதி இறுக நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகிறது. டையெத்தில் வகையில் முப்பது மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. 2006இல் நம் பாராமதியில் நடந்த ஆய்வில் அதிக அளவு பிராலிடாக்சைம் உயிர்களைக் காத்தது. 2009இல் இலங்கையில் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. எந்த நஞ்சு, எவ்வளவு, எத்தனை மணிக்குப் பின் என்பவை நோயாளிக்கு நோயாளி மாறுவது இந்த வேற்றுமைக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அட்ரோபின் உடனே கொடுப்பதிலும் மூச்சைக் காப்பதிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நம்மில் பலருக்குத் திருநெல்வேலிப் பக்கம் வயலும் உறவும் உண்டு. ஊரில் யாராவது வயலுக்குப் பூச்சிமருந்தடித்துவிட்டு வாந்தி, வியர்வை, மங்கல் பார்வை என்று போன் செய்தால், துணியைக் கழற்றி உடம்பைச் சோப்பு நீரால் கழுவச் சொல்லுங்கள். பூச்சிமருந்தைக் குடித்தவராக இருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். மருந்துக் குப்பியை லேபிள் கிழியாமல் கூடவே எடுத்துப் போகச் சொல்லுங்கள். டைமெத்தில் வகையா, டையெத்தில் வகையா, தன் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை மருத்துவர் அந்த லேபிளைப் பார்த்துத்தான் கணக்கிடுவார்.